கோழி என்று சொல்லிக் கொண்டுபோன ஆமை

மாட்டாஸ்பத்திரித் தாழ்வாரத்தில், நொண்டும் காளைகளுக்கு நடுவே, துண்டால் மூடிய கூடையோடு நின்றேன். உள்ளே எங்கள் ஆமை. முந்தின நாள் அது தொட்டித் தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. மூக்கில் குமிழி விட்டது. கண்கள் வீங்கி மூடியிருந்தன.

"கூடையில என்னண்ணே, கோழியா?" என்றார் பக்கத்தில் நின்ற விளாங்குடிக்காரர்.

"ஆமா, கோழிதான்."

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். நானோ கோர்ட்டு அமீனா (ஜப்தி செய்யப் போகிறவன்). இரண்டும் ஒரே வீட்டில் என்றால் ஊர் சும்மா இருக்குமா? கிணறு தூர் வாரியபோது கிடைத்த குட்டியை, பிள்ளையில்லாத என் மனைவி பார்வதி பிள்ளையாகவே வளர்த்தாள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தொட்டியை முற்றத்திலிருந்து இருட்டறைக்கு மாற்றியவன் நான்.

டாக்டர் துண்டை எடுத்தார். தாழ்வாரமே சிரித்தது.

"கோழிக்கு ஓடு மொளச்சிருச்சுப்பா!" என்றார் விளாங்குடிக்காரர். நான் கூனிக் குறுகிப்போனேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. விரலால் ஓட்டை அமுக்கினார். நமுத்த அப்பளம் போல அமுங்கியது.

"வெயிலே காட்டலையா?"

"இல்லைங்க."

"ஏன்?"

நான் துண்டை எடுத்து மடித்தேன்.

"ரிக்கெட்ஸ் (வெயில் படாமல் எலும்பு இளகுதல்). நெஞ்சுலயும் சளி. மீன் எண்ணெய் சொட்டுச் சொட்டா குடுங்க. காலை வெயில்ல வைங்க, ஓரமா நிழலும் இருக்கட்டும். பொழைக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது."

வீட்டில் பார்வதியிடம் நடந்ததைச் சொன்னேன். "ஊரு பேசும்னு அத இருட்டுல போட்டீக. இப்ப மட்டும் ஊரு பேசாமலா இருக்கு?" என்றாள்.

தொட்டி முற்றத்துக்கு வந்தது. எதிர்வீட்டார் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பார்வதி மடியில் வைத்து எண்ணெய் புகட்டினாள். பல நாள் அசைவே இல்லை. ஒரு காலையில் ஒரு கண் மட்டும் திறந்தது. பிறகு மண்புழுவைக் கவ்வியது. பார்வதி அழுதாள்.

ஆமை வளர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். அது கத்தாது. தீனி மறுத்தாலோ, இமை வீங்கினாலோ, சாய்ந்து மிதந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கூடையை மூடாதீர்கள்.

ஓடு இறுகிவிட்டது, கோணல் போகவில்லை. பார்வதியைக் கண்டால் கழுத்தை நீட்டுகிறது. என் காலடி கேட்டால் உள்ளே இழுத்துக்கொள்கிறது. நான் ஜப்திக்குப் போகும் வீடுகளிலும் அப்படித்தான்.

தினமும் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் உட்காருகிறேன். முதுகு காய்கிறது. கோர்ட்டுக்கு நேரமாகிவிடுகிறது. அது இன்னும் எனக்குத் தலையை நீட்டவில்லை.