கேஸ் மட்டும் நான் பாத்துக்கறேன்

கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் தொழில். ஸ்ரீரங்கத்து ஸ்டுடியோ ஒன்று எடுத்து அனுப்பும். பாலக்கரையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நான் வெட்டி ஒட்டுவேன். நிக்காஹ் மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு இப்போது ஊஞ்சல், மாலை மாற்றல் எல்லாம் அத்துப்படி. என் பழைய லேப்டாப்தான் சரியாகத் தாலி கட்டும் நேரம் பார்த்து நின்றுவிடும். நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும், மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் தொங்கும்.

நல்ல கம்ப்யூட்டர் வந்தால் இரண்டு மடங்கு வேலை எடுக்கலாம். எடுத்தால், பதினொரு வருஷமாகக் குவைத்தில் இருக்கும் என் கணவர் ஊரோடு வந்துவிடலாம். போனில் இதைச் சொன்னபோது, "பாப்போம்" என்றார். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்து போகிற மனுஷர் வேறென்ன சொல்வார்.

"பிராண்டடா ஒண்ணு வாங்கிடும்மா. வாரண்டி இருக்கும்" என்றார் மறுநாள்.

"அதுல நாளைக்கு ஒரு கார்டு மாத்தணும்னா இடம் இருக்காது மச்சான். பார்ட்ஸ் வாங்கி நானே அசெம்பிள் பண்ணிக்கறேன்."

"கெட்டுப்போனா யாரு பாப்பா? நான் இங்கல்ல கிடக்கேன்."

ஒரு வாரம் இதே பாட்டு. கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி, உன் இஷ்டம். பார்ட்ஸ் வாங்கிக்க. கேஸ் மட்டும் நான் பாத்துக்கறேன்."

எங்கள் வீட்டில் கேஸ் என்றால் அடுப்புக்கு வருவது. பார்ட்ஸையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டும் பெட்டியை நானும் சிங்காரத்தோப்புக் கம்ப்யூட்டர் கடைக்காரர்களும் கேபினட் என்றுதான் சொல்வோம். நான் என்ன பேசுகிறேன், இவர் சிலிண்டரைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"அதெல்லாம் உங்கம்மா புக் பண்ணிட்டாங்க!" என்று போனை வைத்தேன். அவர் லீவில் வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், எதற்குக் கோபம் என்றே அவருக்குத் தெரியாது.

கேபினட் மட்டும் கடையில் ஸ்டாக் இல்லை; மற்றதெல்லாம் வாங்கிக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். ஒரு மதியம் லீவில் வந்து இறங்கினார். வழக்கமான கம்பளி, சென்ட் எதுவும் இல்லை. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றுதான்.

"இந்தா, நான் சொன்ன கேஸ். உள்ள காத்து நல்லாப் போகும்."

கறுப்பு கேபினட். அதற்குத்தான் குவைத்தில் கேஸ் என்று பேராம். ஒரு பக்கம் கண்ணாடி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்ன ஆச்சோ என்று அவர் அம்மா, என் மாமி, அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே அவருடைய லுங்கிகள், தலையணை, அலாரம் கடிகாரம். எல்லாவற்றுக்கும் அடியில், முதல் தடவை போகும்போது நான் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தட்டு. பதினொரு வருஷத்தில் அது ஒரு லீவுக்கும் ஊர் வந்ததில்லை. திரும்பிப் போய் அதில்தானே சாப்பிட வேண்டும்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நேராகக் கேட்கப் பயமாக இருந்தது.

"மச்சான், இந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனா யாரு பாப்பா?"

"ஏன், நான் இல்லையா?" என்றார், ஒரு லுங்கியை எடுத்து உதறிக்கொண்டே.