ராஜாவின் கையில் ஈரத் துணி

இந்தப் பூமியில் இதுவரை முடிசூடிய ராஜாக்களில், ஒரு கையால் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் நாட்டை மூன்று மகள்களுக்குப் பங்கு போட்டவர் எங்கள் லாண்டரி அக்கா ஒருவர்தான். காலரில் ஆரம்பிப்பார். காலர் முடிவதற்குள் மூத்த மகளுக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும். கைப்பகுதி நடு மகளுக்கு. முதுகுப் பக்கம் வரும்போது கடைசி மகள்மேல் கோபம் வரும். பெட்டியிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பும். வசனம் தப்பினால் மடிப்பும் தப்பும். தெருவில் யாராவது சட்டைக் கையில் இரட்டை மடிப்போடு போனால், ராஜா எங்கேயோ திணறியிருக்கிறார் என்று எங்கள் நாடகக் கோஷ்டிக்குத் தெரிந்துவிடும்.

நாடகம் நானூறு வருஷப் பழசு. எழுதியவர் ஓர் இங்கிலீஷ்காரர். அவர் நாடகத்தைப் போடாத நாடே இல்லையாம். பத்தாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்ட எனக்கே புரிகிற மாதிரி அதைத் தமிழாக்கியது அக்காதான். டைரக்டரும் அவர்தான். கோஷ்டியில் யாருக்கும் முப்பது வயது ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை லாண்டரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒத்திகை. ராஜா புயலில் அலைகிற காட்சிக்கு வாஷிங் மெஷின்களைச் சும்மா ஓடவிடுவோம். கடை முதலாளி அக்காவின் மாமா.

"ஏம்மா, உன் ராஜாவுக்குப் பைத்தியம் பிடிக்க என் மோட்டார் புகையணுமா?"

"புகைஞ்சா இன்னும் நல்லாருக்கும் மாமா."

அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை தளபதியின் உறையிலிருந்து வாளை எடுத்துவிட்டு ஹேங்கரைச் செருகி வைத்தேன். தளபதி வீராவேசமாக உருவினார். கோஷ்டியே உருண்டு சிரித்தது. அக்கா மட்டும், "ம், ஹேங்கரோடயே குத்து. வசனத்தை விடாதே" என்றார்.

போன தடவை நூலக ஹாலில் மேடையேறியபோது ராஜா வேஷம் ஜிம் அண்ணனுக்கு. கடைசிக் காட்சியில், செத்துப்போன கடைசி மகளை ராஜா கையில் ஏந்தி வர வேண்டும். அண்ணன் பழக்கதோஷத்தில் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். மகளாக நடித்த மருந்துக்கடை அக்கா தான் செத்துவிட்டதை மறந்து, "ஐயோ, இறக்குங்கண்ணா!" என்று அலறினார். ஹாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லாண்டரி அக்கா திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றார்.

"அந்தச் சீனுக்காகத்தாண்டா இந்த நாடகத்தையே எடுத்தேன்" என்றார்.

ஜிம் அண்ணன் வெட்கப்பட்டு விலகிவிட்டார். நூலகர் இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை ஹாலைத் தருவதாகச் சொன்னார். அக்கா கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "நானே ராஜா. கடைசி சீன்ல ஒருத்தரும் சிரிக்கக்கூடாது. அவ்ளோதான்."

ஆனால் அவர் மருந்துக்கடை அக்காவின் தோளுயரம்தான். தினமும் ஈரப் போர்வைகளை மூட்டை கட்டித் தூக்கிப் பழகினார். "ஈரத் துணியும் பொணமும் ஒண்ணுதான். தூக்குறவங்களுக்கு ஒரு ஒத்தாசையும் பண்ணாது." போர்வைகளை ஜெயித்தார்; மருந்துக்கடை அக்காவை ஜெயிக்க முடியவில்லை. கோஷ்டியிலேயே இளைத்த ஆள் யாரென்று தேடிய அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"சுண்டெலி, நீ செத்துடு."

"நான்தான் முன்னாடியே சிப்பாயா சாகுறேனேக்கா?"

"அப்போ பழகியிருக்கும்."

மருந்துக்கடை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "உயிரோட இருக்குற வரைக்கும் நான், செத்துட்டா இவனா? இவனுக்கு மீசை வேற முளைக்குது!"

"டோப்பா முடிய இழுத்துவிட்டு மூடிக்கலாம்" என்றார் ராஜா.

சனிக்கிழமை வந்தது. அக்கா தூக்கும்போது இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டி ராஜாவைச் சிரிக்க வைப்பதாக இன்னொரு சிப்பாயிடம் பந்தயம் கட்டியிருந்தேன். அவன் பக்கவாட்டுத் திரை ஓரம் வாயைப் பொத்திக்கொண்டு தயாராக நின்றான்.

அக்கா முழங்காலை மடித்து, தொடையில் பலம் கொடுத்து, மூட்டையைத் தூக்குவதுபோல என்னைத் தூக்கினார். முன்கையில் இருந்த சூட்டுத் தழும்புகள் என் கழுத்தில் உரசின. வெளிச்சத்துக்குள் போனதும் ஒரு சத்தம் போட்டார். பெட்டி கையைச் சுட்ட நாளில்கூட அவர் வாயிலிருந்து அப்படியொரு சத்தம் வந்ததில்லை. ஹாலில் ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை. அவர் கைகள் நடுங்க ஆரம்பித்தன. இறக்கவில்லை. நடந்தார். என் விரல் அவர் இடுப்புக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிவரை சும்மா தொங்கிக்கொண்டே இருந்தது.

டோப்பா முடி குத்தித்தான் கண் கரிக்கிறது என்று நினைத்தேன்.

ராஜா மேடை நடுவில் மண்டியிட்டு மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். ஹாலுக்குக் கேட்காமல், உதடு அசையாமல் சொன்னார்:

"பொணம் அழக்கூடாதுடா."

சொல்லிவிட்டு, காலர் சுருக்கத்தை நீவுவதுபோல, கட்டைவிரலால் என் கன்னத்தை ஒரே இழுப்பில் நீவிவிட்டார்.