நைனா தனியாக வரவில்லை

யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை இது. என் கண்ணால் பார்த்தது, கையால் தொட்டது. நான் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து அணுபுரத்துக் குவார்ட்டர்ஸில் இருப்பவன். மீட்டரில் முள் அசைந்தால்தான் எதையும் நம்புகிற வேலை எனக்கு. அப்படிப்பட்ட நானே, 1998 நவம்பரில் பொன்விளைந்தகளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டதை இன்று வரை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாமல் தவிக்கிறேன்.

என் அப்பா சின்னையன். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துக்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சயாமுக்குப் போன படையில் இருந்தார். பர்மாவுக்கு ரயில் பாதை போடுவதற்காக, மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போன தமிழ் ஜனங்கள் அடைபட்டுக் கிடந்த முகாம் ஒன்றைத் திறந்துவிட்டது அவருடைய கூட்டம்தான். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே. அதற்கு மேல் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அங்கிருந்து அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு எனாமல் குவளை. வெள்ளை நிறம், நீல விளிம்பு, அடியில் ஒரு நசுங்கல். கடைசி வரை அதில்தான் கஞ்சி குடித்தார். இன்னொரு பழக்கமும் இருந்தது. யாருக்கும் தன் கையால் சோறு போட மாட்டார். என் கல்யாணப் பந்தியில் கூட, கரண்டியைக் கையில் கொடுத்ததும் தீ சுட்டவர் மாதிரி பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். 'கஞ்ச மிலிட்டரி' என்று ஊரில் பெயர்.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரவி... என் படையல்ல சோறு வெக்காத. தண்ணியா கஞ்சி ஊத்து, போதும்."

"ஏன் நைனா?"

"நான் தனியா வர மாட்டேன்டா."

ஜுரத்தில் உளறுகிறார் என்று விட்டுவிட்டேன்.

அஸ்தியை மாமல்லபுரம் கடலில் கரைத்தபோது அந்தக் குவளையையும் அலையில் விட்டேன். நானே, என் கையால். இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் காரியத்துக்கு முந்தின சாயந்திரம் படையல் போடுவோம். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் பரிமாறி, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து சாப்பிடுவார் என்பது ஐதீகம். கொஞ்ச நேரம் பொறுத்துக் கதவைத் தட்டித் திறப்போம்.

நைனா சொன்னதை அக்கா லோகநாயகியிடம் சொன்னேன். குதித்தாள்.

"இன்னாடா பேசுற? பட்டாளத்துக்காரருக்குக் கஞ்சி ஊத்தி அனுப்புவியா? ஆபீசர் மவன் அப்பனுக்கு ஒரு வாய் சோறு போடலன்னு ஊரு காறித் துப்பும்!"

"அவர்தான்க்கா கேட்டாரு."

"சாவப்போறவரு ஆயிரம் சொல்வாரு. நீ போயி கறிய வாங்கியா."

அக்காள் புருஷன் மணி அதற்கு மேல். "கறி கெடக்கட்டும் மச்சான், மிலிட்டரி ரம்மு எங்க? அது இல்லாம மாமா வாசப்படி தாண்ட மாட்டாரு."

தோற்றுப்போனேன்.

அன்று என் மனசெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. ஏழு வயசு மகள் சுஷ்மிதாவுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் கூட்டி வந்திருந்தோம். "குடல் புண்ணாயிருக்கு. கெட்டியா ஒரு வாய் உள்ளே போனாலும் ஓட்டை விழுந்துடும். அப்புறம் என்கிட்ட கொண்டு வராதீங்க" என்று டாக்டர் மிரட்டியே அனுப்பியிருந்தார். கஞ்சி, கஞ்சி, மறுபடி கஞ்சி. குழம்பு கொதிக்கிற வாசனை வந்ததும் குழந்தை அழுதது.

"அப்பா... ஒரே ஒரு வாய்ப்பா."

என் மனைவி வசந்தா அவளைத் தூக்கிக்கொண்டு போய் பக்கத்து வீட்டுச் செங்கம்மாளிடம் படுக்க வைத்துவிட்டு வந்தாள்.

மாலை மணி 6.20. மழை. கரண்ட் இல்லை. நைனாவின் அறையில், அவருடைய கட்டிலுக்கு எதிரே படத்தை வைத்து இலை போட்டோம். கறிக்குழம்பு, வஞ்சிர வறுவல், முட்டை, ரம். வீட்டில் வேறு இடம் இல்லாததால், சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்கு வடித்த சோற்று அண்டாவையும் அதே அறை மூலையில் வைத்திருந்தோம். கதவைச் சாத்திச் சங்கிலியை மாட்டினேன். தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில் எல்லோரும் நின்றோம்.

சர்ர்ர்...

இலை நகர்கிற சத்தம்.

"மாமா ரம்மத் தொறக்குறாரு" என்றார் மணி. சிலர் சிரித்தார்கள்.

டங்...

அண்டாவின் மூடி. பூனையால் தூக்க முடியாத மூடி அது. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு மெல்லுகிற சத்தம். சளப்... சளப்... ஒரு வாய் இல்லை. பத்து வாயும் இல்லை. அறை முழுக்க வாய்.

அப்போது செங்கம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடி வந்தாள்.

"வசந்தா, பாப்பா இங்க வந்துச்சா? செத்த கண்ணசந்துட்டேன்டி... பாயி காலியா கீது!"

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன். அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன வாசல் உண்டு. குழந்தைக்கு அது தெரியும்.

உள்ளே கறிச்சோறு...

சங்கிலியைப் பிடுங்கினேன். கதவு அசையவில்லை. மணி தோளைக் கொடுத்தார். அசையவில்லை. பின்பக்கம் ஓடிய அக்கா, "இதுவும் தொறக்கலடா!" என்று அலறினாள்.

"சுஷ்மீ! எதையும் தொடாதடி! தொடாத!" வசந்தா கதவில் தலையை முட்டிக்கொண்டாள்.

உள்ளிருந்து ஒரு குரல்.

"மெதுவா... மெதுவா..."

நைனாவின் குரல். அழுகிற குரல்.

அப்புறம் முனகல். ஓங்கரிக்கிற சத்தம். தொப்... தொப்... மூட்டை சாய்கிற மாதிரி. ஒன்றன் பின் ஒன்றாக.

பிறகு ஒன்றுமில்லை.

மழை மட்டும்.

6.41.

கதவு தானாகத் திறந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலையில் ஒன்றுமில்லை. அண்டாவில் ஒரு பருக்கை இல்லை.

கட்டிலில் சுஷ்மிதா. இரண்டு கையிலும் ஒரு குவளை.

வெள்ளை. நீல விளிம்பு.

வசந்தா பாய்ந்து குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். "கறிச்சோறு தின்னியாடி? சொல்லு!"

"இல்லம்மா. கைய நீட்டினேன். தாத்தா புடிச்சுக்கினாரு." மணிக்கட்டில் நான்கு விரல் தடம் சிவந்திருந்தது. "மத்தவங்க எல்லாம் சாப்ட்டாங்க. வேணாம் வேணாம்னு தாத்தா அழுதாரு. அவங்க கேக்கல. அப்புறம் தூங்கிட்டாங்க. தாத்தா ஒவ்வொருத்தர் மூஞ்சியா மூடினாரு."

"எதால மூடினாரு?" என்று கேட்டேன்.

"சாக்கால. அவங்க சாக்குதான் கட்டியிருந்தாங்க."

குவளையை வாங்கினேன். சூடாக இருந்தது. கஞ்சி வாசனை. அடியில் அதே நசுங்கல். கைப்பிடி இடுக்கில் ஈரக் கடல் மணல். விளிம்பில் கஞ்சி ஒட்டிய சின்ன உதட்டுத் தடம் ஒன்று. எதிர்ப்பக்கம் இன்னொன்று. அதுவும் சின்னதுதான்.

மறுநாள் காரியத்துக்குக் கோவளத்திலிருந்து கண்ணாயிரம் வந்தார். நைனாவோடு சயாம் போனவர். நடந்ததைச் சொல்லிக் குவளையைக் காட்டினேன். வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முகாம் கேட்டத் தொறந்தோம். எலும்பும் தோலுமா வந்து 'ஐயா, சோறு'ன்னாங்க. நம்ம பாஷைல கேக்கறாங்கப்பா, எவனுக்குத் தாங்கும்? காஞ்ச கொடலு, மொதல்ல கஞ்சித் தண்ணிதான்னு டாக்டர் கத்திக்கினே இருந்தாரு. உங்கப்பன் கேக்கல. சோத்த வடிச்சுத் தன் கையாலயே போட்டான். வயிறு முட்டத் தின்னுட்டு அவனக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள... ஒண்ணொண்ணா சாஞ்சாங்க."

"இந்தக் குவளை?"

"அங்க ஒரு பொண்ணோடது. உம் பொண்ணு வயசுதான். மொதச் சோறு அதுக்குத்தான் போட்டான். மொதல்ல போனதும் அதுதான்."

சுஷ்மிதாவைத் தனியே கூப்பிட்டேன். "கஞ்சி நீ மட்டுமா குடிச்ச?"

"இல்லப்பா. அந்தப் பொண்ணும்தான். அவளுக்குத்தான் தாத்தா மொதல்ல குடுத்தாரு. எல்லாரும் தூங்கினாங்க இல்ல... அவ மட்டும் தூங்கலப்பா."

அன்று சாயந்திரம் வேன் பிடித்து அணுபுரம் திரும்பினோம். பின் சீட்டில் சுஷ்மிதா மட்டும்தான். ஏறி உட்கார்ந்தவள், ஜன்னல் ஓரம் ஒட்டி நகர்ந்துகொண்டாள்.

பக்கத்தில் இடம் விட்டு.