துண்டு போர்த்திய டிரம்ஸ்

ஈரத்துண்டின் மேல் டிரம்ஸ் குச்சி விழும் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா... பக்கத்து அறையில் யாரோ தலையணையைத் தட்டிப் போடுவது போல இருக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் ராக் மியூசிக் அப்படித்தான் கேட்டது.

அடித்தது என் அண்ணன் முரளி. நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன்.

துண்டுக்குக் காரணம் இருந்தது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட். பகலில் உள்ளறையில் தூங்குவார். அவருக்கு டே ஷிஃப்ட் வந்தால் அடுத்த வீட்டு மாமாவுக்கு நைட் வந்துவிடும். எந்த வாரமும் எங்கள் லைனில் யாராவது ஒருவர் பகலில் உறங்குவார். அந்த வீட்டு கேட்டில் ஒரு துணி தொங்கும். அதைப் பார்த்தால் கீரைக்காரம்மா கூவாமல் கடந்து போவார். அம்மா மிக்ஸியைத் தொடமாட்டாள்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பேண்ட். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும் டேவிட் பாட்டும் கிடாரும். இன்னும் இரண்டு நண்பர்கள். அண்ணன் டிரம்ஸ். எங்கள் வீட்டு வரிசையின் பெயரையே, ‘ஏழாம் லைன்’ என்று வைத்தார்கள். எங்கள் முன்னறையிலேயே, இரவல் மைக்குகளை வைத்து, அவர்களே எழுதிய எட்டுத் தமிழ்ப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள்.

விஷயம் விளையாட்டில்லை. அண்ணனுக்கு அதே தொழிற்சாலையில் அப்ரென்டிஸாகச் சேர அழைப்பு வந்திருந்தது. ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், பேண்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“நாலு பேர் கேட்டுட்டு நல்லா இருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்.”

அந்த நாலு பேரைத் தேடிக் கேசட் புறப்பட்டது.

முதலில் கேட்டவர் குமணன்சாவடியில் கேசட்டைப் பிரதி எடுத்துக் கொடுத்த கடைக்காரர்.

“மீசிக் சோக்கா கீது நைனா. ஆனா ட்ரம்மு எவன் அட்ச்சான்? சாப்ட்டானா இல்லியா அவன்?”

“நான்தாங்க அண்ணாத்தே,” என்றான் அண்ணன்.

“மொதல்ல போயி ஒரு பிரியாணி துன்னு.”

எதிர் வீட்டு பேச்சியம்மாள் அக்கா திருநெல்வேலிக்காரர். கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். “எல்லாஞ் சரிதான்... பாட்டு எப்பம்டே தொடங்கும்?” அவருடைய கணவருக்கோ அது மிகவும் சத்தமாக இருந்தது. டேவிட்டின் சர்ச்சில் சிலருக்கு வரிகள் பிடித்தன, குரல் பிடிக்கவில்லை. சிலருக்கு நேர்மாறாக.

நகரத்தில் ஒரு கல்லூரி விழாவுக்கு பேண்ட் தேர்வு செய்கிறவர்களிடம் கொடுத்தார்கள். ஒருவன், “இது ராக் இல்ல பாஸ், பஜனை” என்றான். கூட இருந்தவன், “டேய், அதாண்டா புதுசா கீது” என்றான். இருவரும் அண்ணன் முன்னாலேயே சண்டை போட்டுவிட்டு, கடைசியில் வேறு யாரையோ தேர்ந்தெடுத்தார்கள்.

என்னையும் கேட்டான். நான் எதையும் சட்டென்று புகழ்கிறவள் இல்லை. இரண்டு பாட்டு நன்றாக இருக்கிறது, மற்றவை ஒன்றுபோலவே இருக்கின்றன என்றேன். “எந்த ரெண்டு?” என்றான். சொன்னேன். டேவிட்டின் அக்கா சொன்ன இரண்டும் வேறாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, யார் யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் வேலை செய்தது, செய்த பொருள்களைக் கருவி வைத்து அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில்.

“ஒரு பொருளுக்கு கேஜ் வெச்சா, யார் வெச்சாலும் ஒரே அளவு காட்டணும்டா. இதுல ஆளுக்கு ஒரு அளவு காட்டுது. இத நம்பி நான் எப்பிடி உன்ன விடறது?”

குரலை உயர்த்தவில்லை. அண்ணனும் வாதாடவில்லை. அடுத்த மாதம் வேலையில் சேர்ந்தான். டிரம்ஸ் டேவிட் வீட்டுக்குப் போனது. பேண்ட் தானாகக் கலைந்தது...

இப்போது அப்பா இல்லை. டேவிட்டின் மகள் எங்கிருந்தோ அந்தக் கேசட்டைத் தேடி எடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறாள். கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். ‘காலத்துக்கு முந்திய ஆல்பம்’ என்கிறார் ஒருவர். ‘ரெக்கார்டிங் படுமோசம்’ என்கிறார் இன்னொருவர். டிரம்ஸை வேண்டுமென்றே அடக்கி வாசித்த மேதைமை பற்றி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ஒருவர், ‘தூக்கம் வருது மாமே’ என்று முடித்துவிட்டார்.

அப்பா படித்திருந்தால், இன்னமும் அளவு ஒத்துப்போகவில்லையே என்றுதான் சொல்லியிருப்பார்.

அண்ணனுக்கு போன் செய்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். சிரித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றும் சரி, இன்றும் சரி, அவனை யாரும் கேட்கவே இல்லை.

“உனக்கு எப்பிடி இருக்கு அண்ணா, அந்த ஆல்பம்?”

சிரிப்பை நிறுத்தினான்.

“ஆறாவது பாட்டு முடியற எடத்துல, துண்ட எட்த்துட்டு ஒரே ஒரு அடி அட்ச்சிருப்பேன். கேட்டியா?”

“கேட்டேன். ஏதோ கீழ விழுந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

“விழல. அப்பா முழிச்சிக்கினு வெளிய வரட்டும்னுதான் அட்ச்சேன். அவரு நான் வாசிச்சு ஒரு தபா கூட பாத்ததில்ல. வந்து திட்டுனா கூட பரவால்ல... ஒருவாட்டி பாக்கட்டும்னு.”

“வந்தாரா?”

“இல்ல. நல்லா தூங்கிக்கினு இருந்தாரு, பாவம்.”

ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டான்.

அன்று கருத்துச் சொன்ன ஒவ்வொருவரின் முகமும் எனக்குத் தெரியும். அவர்கள் சொன்னதைத் தாண்டி ஒருவனால் போக முடியவில்லை. இன்று சொல்கிறவர்கள் யாரென்றே தெரியாது. அவர்கள் சொல்வதால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. எது மேல் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அத்தனை பேர் எழுதியதிலும் அந்த ஓர் அடியைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் அங்கே எதுவும் எழுதவில்லை. ஆறாவது பாட்டை மட்டும் கடைசி நொடி வரை ஓட விடுகிறேன்...