அவர் வருவதற்காக அலங்கரித்த வீடு

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யார் வீட்டுச் செடி வாடினாலும் முதலில் என் கைத்தொலைபேசிதான் சிணுங்கும். செடி வளர்ப்பதற்கும் வீட்டை அழகுபடுத்துவதற்கும் என்று பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் நான் வயதிலும் மூத்தவள், வாயிலும் மூத்தவள். இலை மஞ்சளாகிவிட்டது அக்கா என்று படம் வரும். படத்தைப் பார்த்தாலே தெரியும், தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்திருப்பார்கள். "செடிக்குத் தாகம் எடுத்தா அதுவே சொல்லும், நீ சும்மா இரு" என்று பதில் போடுவேன். முட்டை ஓட்டை முழுசாக மண்ணில் குத்தி வைத்துவிட்டு உரம் போட்டேன் என்பவளிடம், அது உரமில்லை, திருஷ்டிப் பொம்மை என்பேன். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அடுத்த வாரம் அதே ஓட்டோடு வருவார்கள்.

கைவேலையும் நடக்கும். மலாய்க்காரர்களின் ஹரி ராயாப் பெருநாள் முடிந்ததும் பச்சை நிறப் பண உறைகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைப்போம். மாவிலை வடிவில் வெட்டிக் கோத்தால் வாடாத தோரணம். இந்த ஊரில் மாவிலைக்கு எங்கே போவது, தேக்கா சந்தைக்குப் போய்க் கட்டு வாங்கினால் இரண்டே நாளில் சுருண்டுவிடும். பால்பவுடர் டின்னுக்குச் சணல் சுற்றிக் கற்பூரவல்லி வைப்பது, தட்டில் தண்ணீர் தேங்கிக் கொசு வராமல் மணல் நிரப்புவது, பழைய புடவைக் கரையில் திண்டு உறை தைப்பது என்று சொல்லிக்கொண்டே போகலாம். எனக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

என் வீட்டுக்காரரை வீட்டில் வைத்துக்கொள்வதற்குத்தான் ஒரு யோசனையும் கிடைக்கவில்லை.

ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு பேரப்பிள்ளைகளின் பெயரை. கீழே காப்பி குடிக்கப் போனவர் எங்கோ உட்லண்ட்ஸில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ அழைத்துச் சொன்னார்கள். அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார். என் முழங்காலோ அறுவை சிகிச்சை கண்டது, அவர் பின்னால் ஓடாது. மகள் ஜூரோங்கில் வேலை, பிள்ளைகள் என்று இருக்கிறாள். கடைசியில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் தாதிமை இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நல்ல இடம்தான், நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. கட்டிக்கொண்டவரை இன்னொரு கட்டிலில் படுக்க வைத்துவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறி வீட்டுக்கு வருவது என்ன பிழைப்பு?

தீபாவளிக்கு ஒரு பகல் அவரை வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். அங்கே இருக்கும் மூத்த தாதி தமிழ்ப் பெண், பேச்சில் ஒளிவுமறைவு இல்லாதவள்.

"கூட்டிட்டுப் போங்க ஆண்டி. வீட்டுல நிம்மதியா இருந்தார்னா அப்புறம் வாராவாரம் சனி ஞாயிறு அனுப்பலாம், டாக்டரும் ஓகே சொல்லிட்டாரு."

"இல்லன்னா?"

"இல்லன்னா வேணாம் லா. பழகாத இடம்னு அவருக்குத் தோணிச்சுன்னா பாவம், பயந்துடுவாரு. சும்மா சும்மா அலைக்கழிக்கக்கூடாது."

பழகாத இடமா! தாலி கட்டிக் கூட்டிவந்த நாளிலிருந்து நாங்கள் குடியிருக்கும் வீடு. அது அவருக்குப் பழகாத இடம் என்றால் இந்த உலகத்தில் அவருக்குப் பழகிய இடம் எது? கோபத்தோடுதான் திரும்பி வந்தேன். ஆனால் அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த ஒரு பகலில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டை அடையாளம் கண்டுகொண்டால் வாரத்தில் இரண்டு நாளாவது அவர் எனக்குக் கிடைப்பார்.

குழுவில் விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், கோயில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அங்கிள் வருகிறார் என்று ஆளாளுக்கு யோசனை. நம் ஆட்களுக்குத் தீபாவளி என்றால் உடம்புக்கு மட்டும் புதுசு போதாது, வீட்டுக்கும் புதுசு உடுத்த வேண்டும். சாயம் பூச வேண்டும், திரைச்சீலை மாற்ற வேண்டும், நாற்காலிக்கு உறை மாற்ற வேண்டும், பழையது எதுவும் கண்ணில் படக்கூடாது. வருஷா வருஷம் செய்வதுதான். இந்த வருஷம் அவருக்காக என்பதால் எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

மங்கலான சுவர் மனசைச் சோர்வாக்கும், மஞ்சள் பூசுங்க அக்கா என்றாள் ஒருத்தி. பூசினேன். வழுக்காத பாய் போடச் சொன்னாள் இன்னொருத்தி. போட்டேன். லிட்டில் இந்தியாவுக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு, கேம்பல் லேனில் சரிகைத் தோரணமும் தாமரை விளக்கும் வாங்கி வந்தேன். அவரால் குனிய முடியாது என்பதால் வாசலுக்கு வெளியே இருந்த செடிகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். வீடியோ பார்த்து, பலகை அறுத்து, வெள்ளைச் சாயம் அடித்து, நானே தட்டு கட்டினேன். அங்கே முன்பு ஓர் இரும்புத் தாங்கி இருந்தது. பட்டறையில் கழித்துப்போட்ட கம்பிகளை அவர் பற்றவைத்துச் செய்தது. கறுத்து, துருப்பிடித்து, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நின்றது. கையைக் கிழித்துவிடும் என்று பயந்து, பழைய சாமான் எடுக்கும் காராங்கூனிக்காரரிடம் போட்டுவிட்டேன். குழி விழுந்த அவருடைய பிரம்பு நாற்காலியும் அதே வண்டியில் போனது.

முந்தின நாள் சாயங்காலம் முறுக்குப் பிழிய மகள் வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, எனக்கே இது நம்ம வீடு மாதிரி தெரியலையே."

"நல்ல நாளும் அதுவுமா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியா?"

"அப்பாவோட நாற்காலி எங்க?"

முறுக்கு உழக்கை எடுத்து அவள் கையில் திணித்தேன். அவள் பிழிய ஆரம்பித்ததும், காராங்கூனிக்காரரின் எண்ணைத் தேடி அழைத்தேன். அவர் சிரித்தார். அதெல்லாம் அன்றைக்கே எடைக்குப் போட்டாயிற்றாம். அதன் பிறகு நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. கூடத்தின் நடுவே உட்கார்ந்து மஞ்சள் சுவரை வெறித்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

தீபாவளியன்று காலையில் மகள் அவரை டாக்சியில் அழைத்து வந்தாள். புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு. பொம்மை மாதிரி அழகாக இருந்தார். லிஃப்டிலிருந்து தடியை ஊன்றி மெதுவாக நடந்து வந்தவர், வாசலில் போட்டிருந்த கோலத்தின் முன் நின்றுவிட்டார்.

"மிதிச்சிடப் போறேன்" என்றார். பிறகு ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கோலத்தைத் தொடாமல் சுற்றி உள்ளே வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோலத்தை மதிக்கத் தெரிகிறதே, மனுஷன் உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்தேன்.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. உட்காருங்கள் என்று நான் சொல்லும்வரை நின்றார். சொன்னதும் சோபாவின் நுனியில், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத் தம்ளரை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். இலை போட்டு இட்லி வைத்தேன். மூன்றாவதை வைக்கப் போனபோது இலைக்கு மேல் கையை மறித்து, "போதும்ங்க, போதும்ங்க" என்றார்.

போதும்ங்க. என்னை அவர் ஆயுசில் ங்க போட்டுப் பேசியதில்லை. இந்தா, ஏய், அதுவும் இல்லாவிட்டால் ஒரு தொண்டைக் கனைப்பு, அதுதான் எனக்கு அவர் வைத்திருந்த பெயர். மகள் என்னைப் பார்த்தாள். நான் சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பத்துப் பாத்திரத்தைக் கழுவுகிறவள் மாதிரி ஒரே கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவர் பயப்படவில்லை, கத்தவில்லை, தாதி சொன்ன எந்தக் கஷ்டமும் கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாத்ரூம் போகலாமா என்று அனுமதி கேட்டார். திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்து, நீங்களே தைத்ததா என்று விசாரித்தார். வெளியே அழைத்துப் போய் வெள்ளைத் தட்டில் வைத்த செடிகளைக் காட்டினேன். கறிவேப்பிலையை முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"இதுக்கு என்ன போடுறீங்க? இவ்வளவு தழைஞ்சிருக்கு."

"புளிச்ச மோர், தண்ணி கலந்து."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குங்க. என் பெண்சாதி தண்ணியா ஊத்துவா. சொன்னா கேட்க மாட்டா, கோபக்காரி." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நல்ல பொம்பள."

"அவங்க இப்ப எங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"வீட்லதான். எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பா. நேரமாச்சுங்க, நான் கிளம்பணும்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருங்கள் என்று கெஞ்சினேன். அவள் தேடுவாள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் டாக்சியை அழைத்தாள். சமைத்து வைத்த ஆட்டுக்கறி மூடியது மூடியபடி இருந்தது.

அவரை லிஃப்ட் வரை கொண்டு விட்டேன். போகும் வழியில் நன்றாகவே பேசிக்கொண்டு வந்தார். வாயாடியாகத்தான் இருந்தார், பழைய மாதிரியே.

"உங்க வீட்டுக்காரர் எங்க? நல்ல நாள்ல கூட வேலையா?"

"ஆமா" என்றேன். "ஜூரோங்ல, கப்பல் பட்டறையில."

"அடடே, நானும் அங்கதாங்க! எனக்குத் தெரியாம இருக்காதே. பேர் என்ன?"

மகள் வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நான் சொன்னேன். கழுத்தில் தாலி ஏறிய பிறகு முதல் தடவையாக அவருடைய பெயரை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"கேள்விப்பட்ட பேராத்தான் இருக்கு" என்றார்.

லிஃப்ட் வந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்று, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்குக் கைகூப்பினார்.

"வீட்டை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. அவர் வந்தா நான் விசாரிச்சதாச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றேன். கதவு மூடிக்கொண்டது.