ஒரே கூண்டில் மூன்று நாள்

புருல்ச்சாவுக்கு வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது. பிஷ்கெக் ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்தில் இருபத்திரண்டு வருஷம் எலிப் புழுக்கையோடு மாரடித்தாயிற்று. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. தூங்கி எழுந்தாலும் அலுப்புப் போவதில்லை. ஏரிக்கரையில் ஆப்ரிகாட் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் சபார்பெக், தினமும் போன் போட்டு "இன்னும் எத்தன நாளு?" என்று நச்சரித்தான்.

அவள் செய்வதை ஒரு வேலை என்று யார் மதித்தார்கள்? காலையில் வந்ததும் எலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தராசில் வைப்பாள். புழுக்கையில் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்து எழுதுவாள். மாடியில் இருக்கிற படித்தவர்கள் அந்த எழுத்தை நம்பித்தான் பிழைத்தார்கள். இதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். சினாரா மட்டும் அப்படியில்லை. கீழே இறங்கி வருவாள், எஜே, எஜே என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிடுவாள், தேநீர் குடிப்பாள்.

சினாரா இரண்டு வருஷமாக ஒரு புரதத்தோடு அல்லாடினாள். குடல் சுவரே சுரக்கிற புரதம். கெட்ட கிருமிகளைச் சுவரில் ஒட்டவிடாமல் அதுதான் தள்ளி நிறுத்துகிறது என்பது அவள் கணிப்பு. அது இல்லாவிட்டால் பெருங்குடல் புண்ணாகும். புண் ஆறாமலே கிடந்தால் ஒருநாள் புற்றாகவும் ஆகலாம். அவள் அப்பா போனது குடல் புற்றில்தான். வெள்ளைச் சீட்டு ஒட்டிய கூண்டுகளில் புரதம் உள்ள எலிகள். சிவப்புச் சீட்டுக் கூண்டுகளில் அது இல்லாமல் பிறந்தவை. எல்லாவற்றுக்கும் குடலைப் புண்ணாக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு துவள வேண்டும், வெள்ளை தாங்க வேண்டும்.

வெள்ளை தாங்கவில்லை. அதற்கும் அதே ரத்தம்.

"எல்லாம் வீணாப்போச்சு எஜே," என்றாள் சினாரா, புதன்கிழமை தேநீர்க் கோப்பையை வெறித்தபடி. "அந்தப் புரதம் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை அப்படியே எழுதிக் குடுத்துட்டு மூட்டை கட்டிடறேன்."

"நானும் வெள்ளிக்கிழமைதான். ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிரலாம்," என்று புருல்ச்சா கேலி பேசினாள். பேசியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதக் குளிர் ஞாபகம் வந்துவிட்டது. மருந்து கொடுக்க ஆரம்பிப்பதற்கு முந்தின வாரம். மூன்று நாள் மின்சாரம் இல்லை, சூடேற்றும் குழாயும் செத்துப்போயிற்று. எலிகள் வெடவெடத்தன. மனசு கேட்காமல் சிவப்பு, வெள்ளை எல்லாவற்றையும் ஒரே பெரிய கூண்டில் அள்ளிப் போட்டு, தன் சால்வையைக் கூண்டுக்கு மேலே போர்த்தினாள். ஒன்றின்மேல் ஒன்று குவியலாய்ப் படுத்துப் பிழைத்துக்கொண்டன. பிறகு காதுவெட்டு அடையாளம் பார்த்து ஒன்றுகூட மாறாமல் பிரித்துவிட்டாள். ஒன்றும் சாகவில்லை என்று பெருமை வேறு!

எலி ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும். அதன் பிறவிக் குணம் அது, இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறாள். புரதம் இல்லாத சிவப்பின் வயிற்றில் பெருகிய கெட்ட கிருமி வெள்ளையின் வயிற்றுக்குப் போக மூன்று நாள் தாராளம். அவ்வளவும் ஒரேயடியாக ஏறினால் புரதம்தான் என்ன செய்யும், பாவம்! "ரெண்டையும் சேத்துடாதீங்க எஜே" என்று சினாரா முதல் நாளே தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். குளிரில் அது எங்கே நினைவுக்கு வந்தது?

வாயை மூடிக்கொண்டால் நாளை மறுநாள் ஊருக்குப் போய்விடலாம். சொன்னால் எல்லாம் முதலிலிருந்து. புது எலிகள் பிறக்க வேண்டும், வளர வேண்டும். அவள் இடத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவனுக்கோ எலி பக்கத்தில் போனாலே உடம்பெல்லாம் தடிக்கிறது. வேறு யார் பார்ப்பார்கள்?

வியாழக்கிழமை படியேறிப் போய்ச் சொல்லிவிட்டாள்.

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல எஜே?"

"உசிரைக் காப்பாத்துனதா நெனச்சேன் கண்ணு. அந்தப் புரதத்து மேல குத்தமில்ல. கெடுத்தது நான்தான்."

சினாரா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டு, "மறுபடி பாக்கணும்னா ஒரு வருஷம் ஆகும்," என்றாள். இருந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

புருல்ச்சா அடித்தளத்துக்கு இறங்கி வந்தபோது போன் அடித்தது.

"இன்னும் எத்தன நாளு?"

"ஒரு வருஷம்."

"என்னைவிட எலி உசத்தியாப்போச்சா உனக்கு?"

"எலியாச்சும் எப்ப வர்றேன்னு கேக்கறதில்ல," என்றாள். அடுத்த நிமிஷமே குரலைத் தணித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதய்யா. எனக்கு மட்டும் ஆசையா?"

பையில் மடித்து வைத்திருந்த வேலை அங்கியை எடுத்து உதறி மாட்டிக்கொண்டாள். கழுவ வேண்டிய கூண்டுகள் நாற்பது இருந்தன.