களையென்று பிடுங்கிய பெருஞ்சாமை

ஜவ்வாது மலையில் கெங்கம்மாளின் நிலத்தில் முன்பெல்லாம் சிட்டஞ்சாமை, பெருஞ்சாமை என்று இரண்டு வகைச் சாமையும் கலந்தே விளையும். சிட்டஞ்சாமை சீக்கிரம் அறுவடைக்கு வந்துவிடும். பெருஞ்சாமையோ வறட்சியைத் தாங்கி நிற்கும். மழை பிந்தினாலும் கஞ்சிக்கு ஏதாவது கொடுக்கும்.

பிறகு மலைச் சாமையை வாங்க ஒரு திட்டம் வந்தது. மணி ஒரே மாதிரி இருந்தால்தான் நல்ல விலை என்றார்கள். கெங்கம்மாள் வருஷா வருஷம் பெருஞ்சாமையைக் களையோடு களையாகப் பிடுங்கி எறிந்தாள். ஊருக்கும் சொல்லிக் கொடுத்தாள். ஜமுனாமரத்தூரில் மேடையேற்றி அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

இந்த ஆண்டு ஆடியில் மழையே இல்லை. சிட்டஞ்சாமை கதிர் வைக்கும் முன்பே கருகிவிட்டது. புரட்டாசியில் மழை கொட்டியபோது அதைக் குடிக்க நிலத்தில் பயிர் இல்லை. அடுத்த வருஷமாவது பிழைக்கலாம் என்று கெங்கம்மாள் வீடு வீடாகப் பெருஞ்சாமை விதை கேட்டாள். எங்கும் இல்லை.

கடைசியாகக் கொழுந்தன் பூவரசன் வீட்டுக்குப் போனாள்.

"நீதான அண்ணி புடுங்கச் சொன்ன? வூட்ல சால்வ இருக்குதே, அத வெதச்சிப் பாரு."

அவள் நிலத்துக்குப் போய் வரப்போரமெல்லாம் குனிந்து தேடினாள். பாறையிடுக்கில் ஒரே ஒரு பெருஞ்சாமைச் செடி தப்பியிருந்தது. மனசு கேட்காமல் பின்னாலேயே வந்த பூவரசன் அதைப் பார்த்தான்.

"இத்த வெச்சிகினு இந்த வருசம் இன்னா துண்றது அண்ணி?"

அவள் ஆடு மேயாதபடி செடியைச் சுற்றி முள் நட்டாள். வேரில் பட்டுவிடுமோ என்று ஒவ்வொரு முள்ளையும் ஒரு சாண் தள்ளியே ஊன்றினாள்.